ஞாயிற்றுக்கிழமை டீமுக்கு 3-5-2 சரிவருமா?

பதின்மூன்றுவாசி

வணக்கம். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு டீமைப் பார்த்துக்கொள்கிறேன். லைசன்ஸ் ஒன்றும் இல்லை, விசில் என்னிடம் இருப்பதால் கோச். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள்: புறக்கோட்டைக் கடைகளில் நிற்பவர்கள், ஹார்பரில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், ஏ.எல். பரீட்சை எடுக்கும் பெடியன்கள் இரண்டு பேர். புதன் இரவு ஒரு பயிற்சி, ஞாயிறு மெட்ச். பதிவில் பதினெட்டுப் பேர். புதனுக்கு எட்டுப் பேர் வந்தால் அது நல்ல புதன்.

இவ்வளவு காலமும் 4-4-2 தான்: பின்னால் நாலு பெக், நடுவரிசையில் நாலு பேர் (கரைகளில் இரண்டு விங்கர், உள்ளே இரண்டு ஹாஃப்), முன்னால் இரண்டு. நடுவில் எங்களுக்கு இரண்டு பேர், எதிர்ப்பக்கம் எப்போதும் மூன்று பேர். எங்கள் இரண்டு ஹாஃபும் பந்தைத் துரத்தியே இரண்டாம் பாதியில் செத்துப்போகிறார்கள். விங்கர்கள் மேலே போனால் போனதுதான். பெக் தனியாக நின்று இரண்டு பேரைப் பார்க்கிறான்.

கையில் இருப்பதைச் சொல்கிறேன். ஸ்டொப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று மறிப்பவர்கள், மூன்று பேர். ஒருத்தர் உயரம், தலை நல்லது, ஓட்டம் மந்தம். இன்னொருத்தன் நல்ல வேகம். மூன்றாமவன் பந்தைப் பயப்படாமல் காலில் வைத்திருப்பான். நடுவில் ஓர் அண்ணா, நாற்பதைத் தொடுகிறார், ஓடவே மாட்டார். ஆனால் அவர் போடுகிற பாஸை எங்கள் லீகில் வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. முன்னால் இரண்டு ஸ்ட்ரைக்கர். இரண்டு பேரையும் உட்காரவைக்க முடியாது, அதில் ஒருத்தனுடைய வேனில்தான் நாங்கள் எல்லாரும் கிரவுண்டுக்குப் போகிறோம்.

அதனால் 3-5-2 யோசிக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எதிலிருந்து தொடங்குவது? கரை முழுக்க ஏறி இறங்குகிற விங் பெக்குக்கு யாரைப் போடுவது?

கொம்பனித்தெரு நானா

தம்பி, நம்பரை ஒரு பக்கம் வைங்க. மொதல்ல இந்த சீசன் வாங்கின கோல் எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதுங்க. எந்தப் பக்கத்தால வந்திச்சி, பந்து எங்க பறிபோச்சி, கடைசி பாஸ் போட்டவனுக்குப் பக்கத்துல நம்ம ஆள் யாரு நின்டான். முக்கால்வாசி கோல் ஒரே இடத்தால வந்திருக்கும், பாருங்க. அந்த ஓட்டைய அடைக்கத்தான் சிஸ்டம்.

நாங்களும் மூணு ஸ்டொப்பர் வெச்சி விளையாடினம். அந்த சிஸ்டம் வாழுறதும் சாகுறதும் விங் பெக்கால. பின்னேரம் நாலு மணி வெயில்ல, கடல் காத்துல ஒடம்பெல்லாம் பிசுபிசுத்துப் போய் ஈக்கிற நேரம், ஒரு மனிசன் ஒரு லைன்ல இருந்து மத்த லைன் வரைக்கும் எத்தனை தரம் ஓடுவான்? ரெண்டு விங் பெக்கும் ஒண்டா ஏறப்படாது. இடது பக்கம் ஏறினா வலது பக்கத்தான் உள்ளுக்க வந்து மூணு ஸ்டொப்பரோட நாலாவது ஆளா நிக்கணும். வலது பக்கம் ஏறினா மத்தவன் அப்படி. இத மட்டும் படிச்சிக் குடுத்தா பாதி வேல முடிஞ்சி.

இன்னொண்டு. ஒங்கட டோர்னமென்ட் ரூல்ஸ கேட்டுப் பாருங்க, வெளிய எடுத்த ஆளைத் திரும்ப எறக்கலாமா எண்டு. கீழ்மட்ட ஆட்டங்களுக்கு அதுக்கு எடம் குடுக்கலாம் எண்டு சட்டப் புத்தகத்துலயே ஈக்கி, நடத்துறவங்க ஒத்துக்கணும் அவ்வளவுதான். விட்டாங்க எண்டா ஒரு பக்கத்துக்கு ரெண்டு விங் பெக் வெச்சி, இருவது நிமிசத்துக்கு ஒருக்கா மாத்துங்க.

பழைய ஸ்டொப்பர்

நானா சொன்னதில் பாதிக்கு ஆமாம்.

ஆனால் டிவியில் பார்த்துவிட்டு மூன்று ஸ்டொப்பர் என்று கிளம்புகிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பயம். எல்லாரும் செல்சி கோச்சாக இருந்த கொண்டேயைச் சொல்வார்கள். 2016 செப்டெம்பரில் செல்சி, ஆர்சனலிடம் பாதி ஆட்டத்துக்குள் மூன்று கோல் வாங்கியது. அன்றைக்கு இரண்டாம் பாதியிலேயே ஆள் மூன்று ஸ்டொப்பருக்கு மாறினார், அடுத்து பதின்மூன்று லீக் ஆட்டம் வரிசையாக வென்றார், சம்பியனும் ஆனார். சரி. அந்த சீசன் செல்சிக்கு ஐரோப்பியக் கிண்ண ஆட்டமே இல்லை, வாரம் முழுக்கப் பயிற்சிக்கு நேரம். அந்த மனிதர் அதற்கு முதலே ஜுவென்டஸிலும் இத்தாலி அணியிலும் மூன்று ஸ்டொப்பர் வைத்து ஆடிப் பழகியவர். உங்களுக்கு ஒரு புதன்கிழமை, அதிலும் எட்டுப் பேர்.

சிஸ்டம் ஆசையில் பிறப்பதில்லை, தேவையில் பிறக்கிறது. 1925 இல் ஓஃப்சைட் சட்டத்தை மாற்றினார்கள். அதுவரை முன்னால் நிற்பவனுக்கும் கோல் லைனுக்கும் நடுவில் எதிரணியில் மூன்று பேர் இருக்க வேண்டும், அதை இரண்டாகக் குறைத்தார்கள். கோல் மழையாகக் கொட்டியது. ஆர்சனலில் கோச் செப்மன் நடு ஹாஃபைப் பின்னால் இழுத்து இரண்டு பெக்குக்கும் நடுவில் நிறுத்தினார். மூன்று பேர் பின்னால் நிற்கும் கதை அங்கேதான் ஆரம்பம். ஸ்டொப்பர் என்ற எங்கள் உத்தியோகமும் அப்படித்தான் வந்தது.

உங்கள் தேவை என்ன? நடுவில் ஒரு ஆள் குறைகிறது. அதற்கு ஏன் ஐந்து பேரை இடம் மாற்ற வேண்டும்? ஒரு ஸ்ட்ரைக்கரைக் கீழே இறக்கி அவர்களுடைய பின் ஹாஃபின் தலைமாட்டில் நிற்கச் சொல்லுங்கள். 4-4-1-1. முடிந்தது.

ஏஎல் முடிஞ்ச ஆள்

4-3-3 போடுங்க அண்ணா. மேல போய் பிரஸ் பண்ணுங்க. பந்து போன உடனே அஞ்சு செக்கன்ல திரும்ப எடுக்கணும். இப்ப யாரு 4-4-1-1 விளையாடுறாங்க?

கொம்பனித்தெரு நானா

மகன், 2014 உலகக் கிண்ணத்துல பிரேசில்ல, நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடக்குள்ள, மெட்ச நிப்பாட்டி தண்ணி குடிக்க விட்டாங்க. அது அதே வேலையா ஈக்கிற ஆக்கள். நம்மட ஆள் சனிக்கிழமை பத்து மணி வரைக்கும் சாமான் மூட்டை தூக்கிட்டு ஞாயித்துக்கிழமை வந்து நிக்கிறான். தொண்ணூறு நிமிசம் பிரஸ் பண்ணச் சொன்னா முப்பதாவது நிமிசத்துல கையை இடுப்புல வெச்சிட்டு நிப்பான். அதுக்குப் பொறகு டீம் இல்ல, பதினொரு தனி ஆள்.

ஆனா பிரஸ் வேணாம் எண்டு சொல்லல. எப்ப எண்டத மட்டும் முடிவு பண்ணுங்க. எங்களுக்கு மூணு நேரம் ஈந்திச்சி. அவங்கட ஆள் மொத டச்ச விட்டா. கீப்பருக்குப் பின்பாஸ் போனா. அவங்கட பாதியில த்ரோ இன் வந்தா. பின்பாஸ கீப்பர் கையால எடுக்கேலாது, அந்தச் சட்டம் 1992 லயே வந்திட்டு. நம்ம கீழ் லீக் கீப்பர்மார்ல காலால ஒழுங்கா அடிக்கிறவங்க எத்தனை பேர்? ஓடி வாரவன கண்டாலே லைனுக்கு வெளிய தூக்கிப் போடுவான். த்ரோ அதைவிட லேசு. எறியிறவன் வெளிய நிக்கிறான், அந்த நேரம் உள்ளுக்க அவங்களுக்கு ஒரு ஆள் கொறவு. பக்கத்துல ஈக்கிற மூணு பேரையும் மறிச்சா அவன் எங்க எறியிற?

வெள்ளவத்தைக் கீப்பர்

கீப்பர்மாரைப் பற்றி நானா சொன்னதை நான் கேக்காத மாதிரி விடுறன் 🙂

மூண்டு ஸ்டொப்பர் வச்சு ஆடின ரீமுக்குப் பின்னால நிண்டவன் எண்ட முறையில ஒரு விசயம். பிரச்சினை வாற இடம் எப்பவும் ஒண்டுதான்: விங் பெக் ஏறிப்போன பிறகு அவனுக்குப் பின்னால கிடக்கிற வெறும் இடம். அங்க பந்து போனா ஆர் போறது? இடது ஸ்டொப்பர் போகோணும். சரி, போறான். அப்ப நடு ஸ்டொப்பர் என்ன செய்யோணும்? எங்கட ஆள் அவனுக்குப் பின்னாலயே இழுபட்டுப் போவார். கோலுக்கு முன்னால நானும் அவையின்ர ஸ்ட்ரைக்கரும்தான் மிச்சம். போறது ஒராள்தான் எண்டு முதலே கதைச்சு வையுங்கோ. நடு ஆள் கிட்டக் கம்பத்துக்கு நேர நிக்கோணும், மற்ற ஸ்டொப்பர் பெனல்டி இடத்துக்கு, தூரத்து விங் பெக் ஓடி வந்து தூரக் கம்பத்துக்கு. கிரொஸ் வந்தா முக்கால்வாசியும் தூரக் கம்பத்திலதான் கோல் விழும், ஏனெண்டால் அந்த விங் பெக் பந்தைப் பார்த்துக்கொண்டு நிப்பானே தவிரத் தனக்குப் பின்னால வாறவனைப் பார்க்க மாட்டான்.

கோல் கிக் பற்றியும் ஆரும் கதைக்கேல்ல. 2019 இல இருந்து பந்து பெனல்டி பெட்டியை விட்டு வெளிய வர முதலே எங்கட ஆள் தொடலாம். அதைப் பார்த்திட்டு எல்லாரும் கீப்பருக்குப் பக்கத்தில ரெண்டு ஸ்டொப்பரை நிப்பாட்டிக் குட்டிப் பாஸ் குடுக்க வெளிக்கிட்டினம். இஞ்ச பாதிக் கிரவுண்டில கிரிக்கெட்டும் நடக்குது. நடுவில களிமண் பிச், காய்ஞ்சு கல்லு மாதிரி. பந்து அதில பட்டா எந்தப் பக்கம் எழும்பும் எண்டு ஆண்டவனுக்குத்தான் தெரியும். மழை பெய்ஞ்சா அதே இடத்தில வழுக்கும். எங்களுக்கு இருந்த கட்டளை இதுதான்: பந்து நடுவால போகப்படாது, கரையால போகோணும். 3-5-2 க்கு அது பொருந்தும், கரையில விங் பெக் இருக்கிறான். பழைய ஸ்டொப்பர் அண்ணையின்ர 4-4-1-1 இல கரையில நிக்கிறது மேல போனா வராத அதே விங்கர்மார்.

பழைய ஸ்டொப்பர்

விங்கர் வரவில்லை என்றால் விங்கரை மாற்ற வேண்டும், சிஸ்டத்தை அல்ல. ஆனால் களிமண் பிச் விஷயம் சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதின்மூன்றுவாசி

எல்லாருக்கும் நன்றி. கோல் கணக்கை எழுதிப் பார்த்தேன். நானா சொன்ன மாதிரியே, பெரும்பாலானவை எங்கள் வலது பெக்கின் பக்கத்தால். அவன் மோசமான ஆள் இல்லை. அவனுக்கு முன்னால் நிற்கிற விங்கர் இறங்குவதில்லை, அதனால் எப்போதும் இரண்டுக்கு ஒன்று.

அதனால் 3-5-2 தான். புதன் பயிற்சியில் பந்தே போடவில்லை. ஹார்பர் பையன் ஒரு நைலோன் கயிறு கொண்டு வந்தான். அதை மூன்று ஸ்டொப்பரின் இடுப்பிலும் கட்டி, ஆளுக்கு ஆள் பத்து மீட்டர் போல விட்டேன். நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடப்பேன், அவர்கள் கூடவே நகர வேண்டும். கயிறு தரையில் தொய்ந்தால் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இறுகினால் இடையில் ஓட்டை. முதல் பத்து நிமிடம் ஒரே சிரிப்பு. பிறகு கவனித்தேன், உயரமான ஆள் ஒவ்வொரு தரமும் கயிறு இடுப்பை இழுத்த பிறகுதான் நகர்கிறார். கால் மந்தம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தோம். மனிதர் பந்தை மட்டும் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவன் எங்கே போகிறான் என்று பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு தரம் பந்து நகரும்போதும் தோளுக்கு மேலால் ஒரு முறை திரும்பிப் பாருங்கள் என்றேன். கயிற்றை அவிழ்த்த பிறகும் திரும்பிப் பார்த்தார். அந்த இரவு அவ்வளவு போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

கூப்பிடும் சொல் மூன்றுதான் வைத்தோம். அவுட், ஹோல்ட், அப். நடு ஸ்டொப்பர் சிங்களம், இடது ஸ்டொப்பர் தமிழ், கீப்பர் மலே வீட்டுப் பிள்ளை. பதற்றத்தில் அவரவர் பாஷையில் கத்துவார்கள், ஒருத்தனுக்கும் ஒன்றும் விளங்காது.

இப்போது ஒரு சிக்கல். பந்தை வைத்திருக்கத் தெரிந்த ஸ்டொப்பரை இடது பக்கம் போட்டேன், ஆனால் அவன் வலது கால். பந்து வந்ததும் முதுகைக் கரைக்குக் காட்டி உள்பக்கம் திரும்புகிறான், அங்கே ஒருத்தன் காத்துக்கொண்டு நிற்கிறான்.

வெள்ளவத்தைக் கீப்பர்

அவன் நிண்டு பந்தை வாங்குறான், அதுதான் விசயம். பாஸ் வெளிக்கிட முதலே ரெண்டு அடி பின்னுக்கு வந்து, கரையும் கோலும் ரெண்டும் கண்ணுக்குத் தெரியிற மாதிரி உடம்பைத் திறந்து வைக்கச் சொல்லுங்கோ. பந்தைக் கிட்டக் காலால இல்லை, தூரக் காலால எடுக்கோணும். இடது ஸ்டொப்பருக்குத் தூரக் கால் இடது கால். டச் மட்டும்தானே, அவன் இடது காலால அடிக்கத் தேவையில்லை. முதல் டச் கரைப்பக்கம் போனா வாறவன் ரெண்டு அடி கூட ஓடோணும், அதுக்குள்ள பாஸைக் குடுத்திடலாம். சுவரில அடிச்சுப் பழகலாம், ஆள் தேவையில்லை.

பழைய ஸ்டொப்பர்

சரி, நீங்கள் 3-5-2 தான் என்று முடிவெடுத்துவிட்டால் நானும் ஒரு வழி சொல்கிறேன். எட்டுப் பேர் வந்தால் பந்தில்லாமல் ஆட்டம் போடுங்கள். இத்தாலியக் கோச் சாக்கி மிலானில் அதைத்தான் செய்தார். பதினொரு பேரையும் நிறுத்தி, பந்து இங்கே இருக்கிறது என்று கையால் காட்டுவார், எல்லாரும் அதற்கேற்ப நகர வேண்டும். முன்னால் நிற்பவனுக்கும் பின்னால் நிற்பவனுக்கும் இடையில் இருபத்தைந்து மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது அவருடைய கணக்கு. 1989, 1990 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கிண்ணம் அவர்களுக்குத்தான். உங்களுக்கு அளவுநாடா வேண்டாம். பெனல்டி பெட்டி முன்னோக்கிப் பதினாறரை மீட்டர், அகலம் நாற்பது மீட்டர். பந்து எதிரியிடம் இருக்கும்போது மூன்று ஸ்டொப்பரும் அந்த அகலத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். அவர்களுக்கும் நடு ஹாஃப் மூன்று பேருக்கும் இடையில் ஒரு பெட்டி நீளத்துக்கு மேல் விடக்கூடாது. கிரவுண்டிலேயே கோடு போட்டுக் கிடக்கிறது, அதைக் காட்டிச் சொல்லுங்கள்.

வேன்காரரை என்ன செய்வதாக உத்தேசம்? இரண்டு ஸ்ட்ரைக்கரும் ஒரே வரியில் நின்றால் அவர்களுடைய இரண்டு ஸ்டொப்பருக்கும் ஆளுக்கொரு ஆள், வேலை சுலபம். ஒருத்தரைக் கீழே இறக்குங்கள். 1953 இல் ஹங்கேரி வெம்பிளியில் இங்கிலாந்துக்கு 6-3 அடித்தபோது ஹிதெகுட்டி சென்டர் போர்வர்ட் சட்டையைப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றார். இங்கிலாந்து ஸ்டொப்பருக்குப் பின்னால் போவதா, இடத்திலேயே நிற்பதா என்று கடைசிவரை தெரியவில்லை. ஹிதெகுட்டி மூன்று கோல். அந்த ஸ்டொப்பரின் நிலை எனக்கு நன்றாக விளங்கும்.

பதின்மூன்றுவாசி

வேன்காரன் இறங்க மாட்டான் அண்ணா. மற்றவன் இறங்குவான், அவனுக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான்.

வேறொரு தலைவலி வந்துவிட்டது. இந்த சிஸ்டத்தில் வலது விங்கருக்கு இடமில்லை. பேச்சை எடுத்ததுமே ஆள் வாட்சப் குரூப்பை விட்டுப் போய்விட்டான். மாதச் சந்தாவை ஒழுங்காகக் கட்டுகிற சில பேரில் அவனும் ஒருத்தன்.

கொம்பனித்தெரு நானா

அதுதான் தம்பி உண்மையான டெக்டிக்ஸ். மத்ததெல்லாம் கொப்பியில எழுதலாம்.

குரூப்ல எழுத வேணாம், போன்லயும் வேணாம். நேர போய் ஒரு பிளேன்டி குடிச்சிக் கதைங்க. "ஒன்ன வெளிய போடல, ஒன்ட வேல மாறுது" எண்டு சொல்லுங்க. சும்மா ஆறுதலுக்குச் சொல்லப்படாது, அவனுக்கு உண்மையா ஒரு வேல ஈக்கணும். கடைசி இருவத்தஞ்சி நிமிசம் எதிர் டீம் களைச்சிப் போய் ஈக்கிற நேரம் அவன எறக்குங்க, வலது விங் பெக்கா. அந்த நேரம் அவன் திரும்பி ஓட வேண்டியது கொறவு, ஏறி ஓட வேண்டியதுதான் கூட. மொத அறுவத்தஞ்சி நிமிசம் அந்த எடத்துல பழைய வலது பெக் நிக்கட்டும். ரெண்டு பேருக்கும் ஏலுமான வேல மட்டும் ஈக்கி.

சந்தா கட்டுறவன் எல்லாருக்கும் விளையாடுற நேரம் குடுக்கணும். நம்மட டீம்களுக்கு சம்பளமா ஈக்கி, வேற என்னத்தக் குடுத்து மனிசன வெச்சிக்கிற?

பதின்மூன்றுவாசி

சிநேகபூர்வ ஆட்டம் ஒன்று போட்டோம். 2-2. மழை விட்டு ஒரு மணித்தியாலம் இருக்கும், ஒரு பக்கக் கோல் வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது.

நடுவில் முதல் தடவையாக மூச்சு விட்டோம். அண்ணா மூன்று ஸ்டொப்பருக்கும் முன்னால் நின்றார், ஓடவே தேவையில்லை, பந்து அவரைத் தேடி வந்தது. அவருக்கு இரண்டு பக்கமும் ஏ.எல். பெடியன்கள், அவருக்கும் சேர்த்து ஓடினார்கள். முதல் கோல் த்ரோ இன்னில் பறித்தது, நானா சொன்ன அதே வழி. ஆனால் பந்து பறிபோனதும் ஐந்து பேரும் 138 பஸ்ஸில் சீட்டுக்குப் பாய்கிற மாதிரி ஒரே பந்துக்குப் பாய்கிறார்கள். அதை அடுத்த புதனுக்கு வைத்திருக்கிறேன். ஒருத்தன் பந்துக்கு, மற்றவர்கள் பின்னால் என்று.

வாங்கின கோல் ஒன்று தூரக் கம்பத்தில். கீப்பர் சொன்னபடியே, வலது விங் பெக் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்றது கோர்னர். விங்கர் கடைசி அரை மணி நேரம் இறங்கினான், ஒரு கோலுக்குப் பாஸ் அவன்தான் போட்டான். குரூப்பில் திரும்பச் சேர்ந்துவிட்டான், ஆனால் யாரோடும் பேசவில்லை, தம்ஸ் அப் மட்டும் போடுகிறான்.

இப்போது கோர்னருக்கு எப்படி நிற்பது? முன்பெல்லாம் ஆளுக்கு ஆள் பிடித்தோம்.

ஏஎல் முடிஞ்ச ஆள்

அண்ணா, 1995 இல சுகததாச ஸ்டேடியத்தில தெற்காசிய கோல்ட் கப் ஃபைனல்ல இந்தியாவுக்கு நாங்க அடிச்ச அந்தக் கோல்டன் கோல் (மேலதிக நேரத்தில முதல்ல அடிச்சா அதோட வெற்றி) கோர்னர்லயா வந்தது? அப்பா எப்ப பார்த்தாலும் அந்த மெட்சைத்தான் சொல்லுவார்.

பழைய ஸ்டொப்பர்

தம்பி, மேலதிக நேரத்தில் 1-0, கிண்ணம் எங்களுக்கு. கோர்னரா என்று உங்கள் அப்பாவிடமே கேளுங்கள், இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசலாம். இங்கே இழையைத் திருப்பாதீர்கள்.

வெள்ளவத்தைக் கீப்பர்

கோர்னருக்கு: ஆளுக்கு ஆள் வேண்டாம், பயிற்சிக்கு வராத ஆக்கள் இருக்கிற ரீமில அது சரிவராது. மூண்டு ஸ்டொப்பரையும் கிட்டக் கம்பத்தில இருந்து நடுவரைக்கும், கோலுக்குக் கிட்ட இருக்கிற சின்னப் பெட்டிக் கோட்டில நிப்பாட்டுங்கோ. உயரமானவர் நடுவில. தூரக் கம்பத்துக்கு வலது விங் பெக், அவனுக்கு அது மட்டும்தான் வேலை, பந்து எங்க போனாலும் அசையப்படாது. ஏ.எல். பெடியன்கள் ரெண்டு பேரும் அவையின்ர நல்ல தலைகாரர் ரெண்டு பேரோட உரசிக்கொண்டு நிக்கட்டும். பாய விடாமல் தடுத்தாப் போதும், பந்தை அவை அடிக்கத் தேவையில்லை. அண்ணை பெட்டிக்கு வெளிய, அடிச்சு வாற பந்துக்கு. வேன்காரர் நடுக்கோட்டில. அவரை நிப்பாட்டினா அவையும் ரெண்டு பேரைப் பின்னால விடோணும், எனக்கு முன்னால நெரிசல் குறையும்.

கோல் வாசலில தண்ணி நிண்டா மட்டும், உங்கட கீப்பர் பந்தைப் பிடிக்க வேண்டாம், குத்தட்டும்.